நாலு பவுண்டு உச்சவரம்பும் ஒரு சாம்பியன் பட்டமும்: மான்செஸ்டர் யுனைடெட், 1907-08

மான்செஸ்டர் யுனைடெட் முதன்முதலாக இங்கிலாந்து கால்பந்து லீக் பட்டத்தை வென்றது 1908ல். 1906 வரை இரண்டாம் டிவிஷனில் இருந்த அணி அது. மேலே ஏறி வந்த முதல் ஆண்டில் எட்டாம் இடம். அடுத்த ஆண்டே 38 ஆட்டங்களில் 52 புள்ளி எடுத்து முதலிடம். இரண்டாம், மூன்றாம் இடங்களில் வந்த ஆஸ்டன் வில்லாவுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் ஆளுக்கு 43. அன்றைக்கு ஒரு வெற்றிக்கு 2 புள்ளிதான் என்பதால், 9 புள்ளி வித்தியாசம் என்பது நான்கு வெற்றிக்கும் மேலான தூரம்.

எட்டாம் இடத்திலிருந்து இந்த உயரத்துக்கு ஒரே ஆண்டில் எப்படிப் போனார்கள்? பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. கிளப்பின் செயலாளரும் மேலாளருமான எர்னஸ்ட் மாங்னல், பக்கத்து மான்செஸ்டர் சிட்டியிலிருந்து நான்கு அருமையான ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான் என்பார்கள். அது உண்மை. ஆனால் அந்த நான்கு பேரும் ஏன் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தார்கள் என்று கேட்டால்தான் இந்த நிகழ்வு திறந்துகொள்கிறது. அதற்கு விடை ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் இருக்கிறது. அதே சீசனின் நடுவில், வென்றுகொண்டிருந்த அதே ஆட்டக்காரர்கள் மான்செஸ்டர் ஹோட்டல் ஒன்றில் கூடித் தொழிற்சங்கம் ஆரம்பித்தார்கள். பட்டத்தையும் சங்கத்தையும் தனித்தனிக் கதைகளாகச் சொல்வது வழக்கம். என் பார்வையில் இரண்டும் ஒரே கதை.

வாரம் 4 பவுண்டு

இங்கிலாந்தில் கால்பந்தை ஆளும் அமைப்பு எஃப்.ஏ. அது கொண்டுவந்த ஒரு விதி 1901-02 சீசனிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது. ஜெயித்தால் போனஸ் என்ற பேச்சே கிடையாது. புதிதாகச் சேருபவருக்குக் கையில் கொடுக்கும் தொகையும் 10 பவுண்டைத் தாண்டக்கூடாது.

பெரிய நகர கிளப்கள் காசைக் கொட்டி எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வளைத்துப் போட்டால் சின்ன ஊர் கிளப்கள் செத்துப்போகும் என்பது எஃப்.ஏ. தரப்பு நியாயம். 4 பவுண்டும் அற்பத் தொகை இல்லை. நன்றாகத் தொழில் தெரிந்த ஒரு தொழிலாளியின் வாரக்கூலியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் இது உச்சவரம்பு மட்டும்தான், கீழ்வரம்பு என்று எதுவும் இல்லை. பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அந்த 4 பவுண்டும் கிடைக்கவில்லை. போதாததற்கு 1890கள் முதலே இன்னொரு பூட்டும் இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், பழைய கிளப் விடுவித்தால்தான் ஆட்டக்காரர் இன்னொரு லீக் கிளப்பில் சேர முடியும். கேட்கும் கூலியும் கிடையாது, போகும் சுதந்திரமும் கிடையாது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் பேர் வாசலில் காசு கொடுத்து உள்ளே வந்த ஒரு தொழிலில், அவர்கள் யாரைப் பார்க்க வந்தார்களோ அவர்களுக்கு மட்டும் இப்படி ஒரு கணக்கு.

இப்படிப்பட்ட விதி வந்தால் என்ன நடக்கும்? புத்தகத்தில் 4 பவுண்டு என்று எழுதிவிட்டு, மீதியைக் கைக்கு அடியில் கொடுத்தார்கள். பல கிளப்கள் இதைச் செய்தன. மாட்டிக்கொண்டது மான்செஸ்டர் சிட்டி.

சிட்டி சரிந்த விதம்

1904ல் மான்செஸ்டர் நகரத்தின் பெரிய அணி சிட்டிதான். அந்த ஆண்டு கிறிஸ்டல் பேலஸில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்ட்டனை 1-0 என்று வென்றார்கள். அந்த ஒரே கோலை அடித்தவர் பில்லி மெரடித். வேல்ஸில் சர்க் என்ற ஊரில் பிறந்து, பன்னிரண்டு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். வலது ஓரத்தில் கோட்டை ஒட்டியே ஓடி, மூலைக்கு அருகில் போய்ப் பந்தை நடுவில் தூக்கிப் போடுவார். வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி இருக்கும், ஆடும்போதுகூட. பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு அந்தப் பல்குச்சி ஒன்றே போதும், முகத்தை வரையாமலே மெரடித்தைக் காட்டிவிடுவார்கள்.

1905 ஏப்ரல் 29, சீசனின் கடைசி ஆட்டம், பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. சிட்டிக்குப் பட்ட வாய்ப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. 3-2 என்று தோற்றார்கள். ஆட்டத்தில் சிட்டியின் சாண்டி டர்ன்புல்லுக்கும் வில்லாவின் அலெக் லீக் என்பவருக்கும் கைகலப்பு. எஃப்.ஏ. விசாரணை வைத்தது. சண்டையை விசாரிக்கப் போன இடத்தில் வேறு ஒன்று வெளியே வந்தது. ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அந்த அலெக் லீக்குக்கு மெரடித் 10 பவுண்டு தருவதாகச் சொன்னாராம். மெரடித்துக்கு ஒரு சீசன் தடை.

மெரடித் முதலில் முழுவதுமாக மறுத்தார். பிற்பாடு, மேலாளர் டாம் மேலி சொல்லித்தான் செய்தேன் என்றார். மேலி அதை மறுத்தார். எது உண்மையாக இருந்தாலும், தடைக்காலத்தில் மெரடித்துக்கு வருமானம் இல்லை. கிளப்பிடம் பணம் கேட்டார். எஃப்.ஏ.யின் கண் மேலே இருந்ததால் கிளப் கொடுக்கத் தயங்கியது. தகராறு முற்றி, சிட்டி எப்படிச் சம்பளம் கொடுக்கிறது என்பதை மெரடித்தே வெளியே போட்டு உடைத்தார். எஃப்.ஏ.யின் ஆட்கள் கணக்குப் புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மெரடித்துக்கு மட்டும் வாரம் 6 பவுண்டு போயிருந்தது. மற்றவர்களுக்கும் உச்சவரம்புக்கு மேல்தான்.

1906ல் வந்த தீர்ப்பு ஒரு கிளப்பையே வேரோடு பிடுங்கிப் போடும் தீர்ப்பு. 17 ஆட்டக்காரர்களுக்கு 1907 ஜனவரி 1 வரை தடை. அவர்கள் இனி ஒருபோதும் சிட்டிக்கு ஆடக்கூடாது. எல்லோருக்கும் சேர்த்து 900 பவுண்டு அபராதம். அதில் மெரடித்துக்கு மட்டும் 100. கிளப்புக்கு 250 பவுண்டு. மேலாளர் மேலிக்கும் முன்னாள் தலைவருக்கும் காலவரையற்ற தடை.

இந்த அபராதக் கணக்கைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. கள்ளக்கணக்கு எழுதியது கிளப். கிளப்புக்கு 250, வேலைக்கு ஆடிய ஆட்களுக்கு 900. வாரம் 4 பவுண்டு வாங்குபவருக்கு 100 பவுண்டு என்பது ஏறக்குறைய அரை வருடச் சம்பளம்.

அந்தக் கோடை முடிந்து புதிய சீசன் தொடங்கிய அன்று, 1906 செப்டம்பர் 1, ஹைட் ரோடு மைதானத்தில் அவசரமாகத் திரட்டிய அணியோடு சிட்டி இறங்கியது. எதிரணி வுல்விச் ஆர்சனல். வெயில் ஏறக்குறைய 32 டிகிரி, அந்த ஊருக்கு அது கொளுத்தும் வெயில். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அந்தக் காலத்தில் இல்லை. ஒவ்வொருவராகச் சுருண்டு வெளியே போய், ஆட்டம் முடியும்போது சிட்டி தரப்பில் ஆறே பேர் நின்றார்கள். 4-1 தோல்வி. இரண்டு நாள் கழித்து எவர்ட்டன் அவர்களை 9-1 என்று நசுக்கியது.

யுனைடெட் தயாராக இருந்தது

சிட்டியின் ஆட்டக்காரர்களை வாங்க கிளப்கள் வரிசையில் நின்றன. மான்செஸ்டர் குயின்ஸ் ஹோட்டலில் விற்பனைக்கு ஏற்பாடானது. மற்றவர்கள் வந்து உட்காருவதற்குள் மாங்னல் தன் வேலையை முடித்துவிட்டிருந்தார். மெரடித், டர்ன்புல், தடுப்பாட்டக்காரர் ஹெர்பர்ட் பர்ஜெஸ், முன்வரிசை ஆட்டக்காரர் ஜிம்மி பேனிஸ்டர் ஆகிய நால்வரும் யுனைடெட்டுக்கு.

ஆனால் நான்கு பேர் வந்துவிட்டால் மட்டும் ஒரு அணி உருவாகிவிடாது. யுனைடெட் பக்கம் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1878ல் ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கிய கிளப் இது. 1902ல் 2,670 பவுண்டு கடனில் மூழ்கி, கதவை இழுத்து மூடும் நிலைக்கு வந்தது. ஜான் ஹென்றி டேவிஸ் என்ற பீர் ஆலை முதலாளியும் இன்னும் சிலரும் பணம் போட்டுக் கரையேற்றினார்கள். அப்போதுதான் மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயர் வந்தது. 1903ல் பர்ன்லியிலிருந்து மாங்னல் வந்தார்.

மாங்னல் முதலில் கட்டியது நடுவரிசையை. அன்றைய அணி அமைப்பில் பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர். நடு மூவரில் மையத்தில் நிற்பவர் இன்றைய சென்டர் பேக் போலப் பின்னால் மட்டும் நிற்கமாட்டார். தடுப்பதும் அவர்தான், பந்தை முன்னால் கொண்டுபோவதும் அவர்தான். அந்த இடத்துக்கு 1904ல் கிரிம்ஸ்பி கிளப்புக்கு 600 பவுண்டு கொடுத்து வாங்கப்பட்டவர் சார்லி ராபர்ட்ஸ். உயரமானவர், அந்த உயரத்துக்கு நம்ப முடியாத வேகம். கால்சட்டை முழங்காலை மூட வேண்டும் என்று எஃப்.ஏ. விதி போட்டிருந்த காலத்தில் ஓடுவதற்கு வசதியாகக் குட்டைக் கால்சட்டை போட்டுக்கொண்டு ஆடினார். அவருக்கு ஒரு பக்கம் மான்செஸ்டரிலேயே வளர்ந்த டிக் டக்வொர்த், மறுபக்கம் அலெக் பெல். டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்லும் அளவுக்குச் சேர்ந்தே ஆடினார்கள். கோலில் ஹாரி மோகர், இடது ஓரத்தில் ஜார்ஜ் வால்.

ஆக, சிட்டிக்காரர்கள் வரும்போது யுனைடெட்டில் முதுகெலும்பு ஏற்கெனவே இருந்தது. கோல் அடிக்கும் கூர்மைதான் பாக்கி.

1907 ஜனவரி 1, தடை முடிந்த அன்றே நால்வரும் களம் இறங்கினார்கள். கிளேட்டனில் இருந்த பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்தில், ரசாயனத் தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே, நாற்பதாயிரம் பேர். எதிரணி அதே ஆஸ்டன் வில்லா. மெரடித் ஓரத்திலிருந்து பந்தைப் போட, டர்ன்புல் கோல் அடித்தார். 1-0. ஆனால் பாதி சீசன் போய்விட்டது. அந்த ஆண்டு எட்டாம் இடத்தோடு முடிந்தது.

பதினான்கு ஆட்டங்கள்

1907-08 சீசனை முழுதாகப் பார்த்தால் 23 வெற்றி, 6 சமம், 9 தோல்வி, 81 கோல் அடித்தது, 48 வாங்கியது. சாம்பியனுக்கு ஒன்பது தோல்வி கொஞ்சம் அதிகம் என்று தோன்றும். அதை இரண்டாக வெட்டிப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும்.

முதல் ஆட்டம் செப்டம்பர் 2, வில்லா பார்க்கில். மெரடித்தின் பெயர் கெட்ட அதே மைதானம். 4-1 என்று யுனைடெட் வென்றது. அதில் இரண்டு கோல் மெரடித்துடையது. பழி தீர்ப்பு என்றெல்லாம் அவர் சொன்னதாகத் தெரியவில்லை, சொல்லவும் தேவையில்லை. அடுத்து லிவர்பூலை 4-0, டர்ன்புல் மூன்று கோல். மிடில்ஸ்பரோவைச் சொந்த மைதானத்தில் 2-1. பிறகு அதே மிடில்ஸ்பரோவின் ஊருக்குப் போய் 2-1 என்று தோற்றார்கள்.

அதன் பிறகு தொடர்ச்சியாகப் பத்து வெற்றி. ஷெஃபீல்டு யுனைடெட், செல்சி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், நியூகாஸில், பிளாக்பர்ன், போல்ட்டன், பர்மிங்ஹாம், எவர்ட்டன், சண்டர்லாந்து, வுல்விச் ஆர்சனல் என ஒருவரையும் விடவில்லை. இந்தப் பத்து ஆட்டங்களில் மட்டும் 37 கோல். ஆர்சனலை 4-2 என்று வென்றபோது நான்கையும் அடித்தது டர்ன்புல்.

இவற்றில் அக்டோபர் 12 ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நியூகாஸில்தான் நடப்புச் சாம்பியன். முந்தைய சீசனில் தங்கள் மைதானத்தில் ஆடிய 19 லீக் ஆட்டங்களில் 18 வெற்றி, ஒரு சமம். அந்த சீசன் லீக்கில் ஒருவரும் அங்கே போய் ஜெயித்ததில்லை. அங்கே போய் யுனைடெட் 6-1 என்று அடித்தது. இந்தப் பட்டம் சிட்டியிடமிருந்து சும்மா கிடைத்தது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் ஸ்கோர் இதுதான். வாங்கிய நான்கு பேரால் மட்டும் சாம்பியனின் வீட்டில் ஆறு கோல் அடிக்க முடியாது. பின்னால் ராபர்ட்ஸ் மூவரும் பந்தை அறுத்து அறுத்து முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் முடியும்.

முதல் 14 ஆட்டங்களின் கணக்கு: 13 வெற்றி, 1 தோல்வி, 48 கோல், 26 புள்ளி. மீதி 24 ஆட்டங்களின் கணக்கு: 10 வெற்றி, 6 சமம், 8 தோல்வி, 33 கோல், அதே 26 புள்ளி. நவம்பர் 23க்குள் பட்டத்தில் சரிபாதி கைக்கு வந்துவிட்டது. பிந்தைய 24 ஆட்டங்களில் யுனைடெட் ஒரு சராசரி அணியாகத்தான் ஆடியிருக்கிறது.

எதிரணியின் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நின்றுகொண்டு பந்தை வாங்கக்கூடாது என்கிற ஆஃப்சைடு விதியிலும் அந்த ஆண்டு ஒரு மாற்றம் வந்தது. அதுவரை சொந்தப் பாதியில் நின்றாலும் ஆஃப்சைடு பிடிப்பார்கள். 1907ல் அதை நீக்கினார்கள். மெரடித், வால் போன்ற ஓர ஆட்டக்காரர்கள் வேகமாகப் பாய்வதற்கு இது கூடுதல் இடம் கொடுத்திருக்கும். ஆனால் எல்லா அணிக்கும் ஒரே விதிதான் என்பதால் இதற்கு நான் அதிக எடை கொடுக்கமாட்டேன். இரண்டு பக்கமும் நல்ல விங்கர் இருந்த அணிக்கு அது சற்று கூடுதலாக உதவியது, அவ்வளவுதான்.

டிசம்பர் 2

தொடர் வெற்றி நவம்பர் 30ல் நின்றது. ஷெஃபீல்டு வெனஸ்டேயிடம் 2-0 தோல்வி. இரண்டே நாளில், டிசம்பர் 2 திங்கட்கிழமை, மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஒரு கூட்டம். பல கிளப்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். தலைமை மெரடித். கூட்டத்தைக் கூட்டுவதில் முன்னால் நின்றவர் ராபர்ட்ஸ். ஆட்டக்காரர் சங்கம் அன்றைக்கு உருவானது. அதன் செயலாளராக உழைத்த ஹெர்பர்ட் புரூம்ஃபீல்டும் யுனைடெட்டின் கோல்கீப்பர்தான், மோகருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர்.

இதற்கு முன்னாலும் 1898ல் ஒரு சங்கம் தொடங்கி, சில ஆண்டுகளில் கலைந்துபோயிருந்தது. இந்த முறை மான்செஸ்டரில், அதுவும் யுனைடெட் ஆட்டக்காரர்களிடமிருந்து கிளம்பியதற்குக் காரணம் உண்டு. அணியின் நட்சத்திரங்களே சம்பள விதியால் அடிபட்டவர்கள். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. 1907 ஏப்ரலில் யுனைடெட்டின் இரண்டாம் அணிக்கும் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கும் ஆட்டம். யுனைடெட்டின் தடுப்பாட்டக்காரர் தாமஸ் பிளாக்ஸ்டாக் பந்தைத் தலையால் அடித்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். உடைமாற்றும் அறைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கேயே இறந்துபோனார். இயற்கை மரணம் என்று விசாரணையில் முடிவானது. குடும்பத்துக்கு ஒரு பைசா இழப்பீடு கிடையாது.

வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று இங்கிலாந்தில் 1906லேயே சட்டம் வந்துவிட்டது. சுரங்கத்தில் வேலை செய்தவருக்கு அது பொருந்தும் என்றால், சுரங்கத்திலிருந்து வந்து கால்பந்து ஆடுபவருக்கு ஏன் பொருந்தாது? மெரடித்துக்கு இந்தக் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சம்பள உச்சவரம்பு நீங்க வேண்டும், கிளப் மாறும் உரிமை வேண்டும், காயம் பட்டால் ஈடு வேண்டும் என்பவைதான் அவர்கள் கேட்டவை.

லீக்கின் உச்சியில் இருந்தபோது இதைச் செய்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் ஆட்கள் கொடி பிடித்திருந்தால் பொறாமை என்று ஒதுக்கியிருப்பார்கள். இவர்களை அப்படி ஒதுக்க முடியவில்லை.

பிற்பாதி

டிசம்பர் 21ல் மான்செஸ்டர் டெர்பி, அதாவது யுனைடெட்டும் சிட்டியும் மோதும் ஆட்டம். பேங்க் ஸ்ட்ரீட்டில் யுனைடெட் 3-1 என்று வென்றது. டர்ன்புல் இரண்டு கோல் அடித்தார். அதே ஆட்டத்தில் நடுவர் அவரை வெளியேற்றினார். மான்செஸ்டர் டெர்பி வரலாற்றில் முதலில் வெளியேற்றப்பட்டவர் அவர்தான். பழைய கிளப்புக்கு எதிராக ஆடும்போது அவருக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ.

பிறகு வேகம் குறைந்தது. பிப்ரவரியில் பிளாக்பர்ன் பேங்க் ஸ்ட்ரீட்டுக்கே வந்து 2-1 என்று வென்றது. மார்ச் 7ல் எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதி ஆட்டத்தில் இரண்டாம் டிவிஷன் ஃபுல்ஹாமிடம் 2-1 தோல்வி. மார்ச் 25ல் லிவர்பூலில் 7-4. நாலு கோல் அடித்தும் தோற்றார்கள், ஏழு வாங்கினால் வேறென்ன ஆகும். ஏப்ரல் 8ல் எவர்ட்டனில் 3-1 என்று வென்றபோது கையில் 48 புள்ளி சேர்ந்துவிட்டது. வேறு எந்த அணியும் கடைசிவரை 43ஐத் தாண்டவில்லை. அதன் பின் ஆடிய ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, ஏப்ரல் 25ல் பிரெஸ்டனுக்கு எதிராக. டர்ன்புல் 30 லீக் ஆட்டங்களில் 25 கோலோடு முடித்தார். வால் 19.

சீசன் முடிந்ததும் இன்னும் இரண்டு சங்கதி. அந்த ஆண்டுதான் சேரிட்டி ஷீல்டு ஆட்டம் முதன்முதலாக நடந்தது. லீக் சாம்பியனான யுனைடெட்டும், தெற்கு ஊர்களின் தனி லீக்கான சதர்ன் லீக்கின் சாம்பியன் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸும் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் மோதி 1-1 என்று முடிந்தது. ஆகஸ்டில் மறு ஆட்டத்தில் யுனைடெட் 4-0. நடுவில் ஐரோப்பியச் சுற்றுப்பயணம். புடாபெஸ்டில் ஃபெரன்ஸ்வாரோஷை 7-0 என்று அடித்ததும் ரசிகர்கள் கல்லெறிந்தார்கள், போலீஸ் வாளை உருவ வேண்டியதாயிற்று.

எதற்கு எவ்வளவு எடை

காரணங்களை நிறுத்துப் பார்த்தால், என் தராசில் முதலில் வருவது ராபர்ட்ஸ் நின்ற நடுவரிசை. அது இல்லாமல் முன்வரிசைக்குப் பந்து வந்திருக்காது. அடுத்தது சிட்டியின் நால்வர். குறிப்பாக டர்ன்புல்லும் மெரடித்தும். டேவிஸின் பணம் மூன்றாவது. அது இல்லாமல் ராபர்ட்ஸை 600 பவுண்டு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

ஆனால் பணம் மட்டும் இருந்திருந்தால் மெரடித் வந்திருப்பாரா? சாதாரணச் சூழ்நிலையில் சிட்டி அவரை விட்டிருக்காது. பழைய கிளப் விடாதவரை அவர் எங்கேயும் போயிருக்க முடியாது. அந்தப் பூட்டை உடைத்தது எஃப்.ஏ.யின் தண்டனை. கிளப்களைச் சமநிலையில் வைப்பதற்காகப் போட்ட சம்பள விதி, நகரத்தின் ஒரு அணியை ஒரே நாளில் காலி செய்து, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த அணியைச் சாம்பியன் ஆக்கியது. சமநிலைக்கு நேர் எதிரான விளைவு.

இதற்கு எதிர்வாதமாகச் சிலர் சொல்வது, சிட்டியே இரண்டு ஆண்டுகளில் எழுந்து 1908ல் மூன்றாம் இடம் பிடித்ததே, அப்படியென்றால் தண்டனை அவ்வளவு பெரிதா என்பது. சரியான கேள்விதான். சிட்டி மீண்டதற்குக் காரணம் அந்த நகரத்தில் கால்பந்துக்கு இருந்த கூட்டமும் புதிதாக வந்தவர்களின் உழைப்பும். தண்டனையின் பாரம் கிளப்பைவிட ஆட்களின் மேல்தான் விழுந்தது. 17 பேரில் பெரும்பாலானவர்கள் வேறு வேறு ஊர்களுக்குச் சிதறிப்போனார்கள். நாலு பேருக்கு மட்டும் அதே நகரத்தில் ஒரு சாம்பியன் அணி காத்திருந்தது.

பட்டத்துக்குப் பின்

1909ல் யுனைடெட் பிரிஸ்டல் சிட்டியை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது, கோல் டர்ன்புல்லுடையது. அந்தக் கோடையில் எஃப்.ஏ. ஆட்டக்காரர் சங்கத்தின்மேல் பாய்ந்தது. சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்காதவர்களுக்கு ஆட்டம் இல்லை, சம்பளம் இல்லை. மற்ற ஊர்களில் பெரும்பாலானவர்கள் பணிந்தார்கள். குடும்பம் இருக்கிறதே, அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. சொந்த மைதானத்தில் விடாததால் ஃபாலோஃபீல்டில் இடம் பிடித்துப் பயிற்சி செய்தார்கள். அங்கே எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் இருக்கிறது. வரிசையாக ஆட்டக்காரர்கள், முன்னால் ஒரு பலகை. அதில் 'ஒதுக்கப்பட்டவர்கள் கால்பந்து கிளப், 1909' என்று எழுதியிருக்கிறது. எவர்ட்டனின் டிம் கோல்மன் வந்து இவர்களோடு நின்றார். சீசன் தொடங்க ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது எஃப்.ஏ. இறங்கிவந்து சங்கத்தை அங்கீகரித்தது.

விலை கொடுத்தவர்கள் உண்டு. ராபர்ட்ஸ் 1905ல் இங்கிலாந்துக்கு மூன்று முறை ஆடினார். நாட்டின் மிகச் சிறந்த சென்டர் ஹாஃப் (நடு மூவரில் மையத்தில் நிற்பவர்) என்று பெயர் வாங்கிய ஆண்டுகளில் ஒருமுறைகூட அழைப்பு வரவில்லை. சங்கத்தில் முன்னால் நின்றதால்தான் என்று அன்றைக்கே பலரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். டர்ன்புல் 1915ல் லிவர்பூலுடன் பேசிவைத்து ஆடிய ஆட்டத்தில் சிக்கி வாழ்நாள் தடை வாங்கி, 1917 மே மாதம் பிரான்ஸில் போர்முனையில் இறந்தார். மாங்னல் 1912ல் சிட்டிக்கே மேலாளராகப் போனார். மெரடித்தும் 1921ல் சிட்டிக்குத் திரும்பி, 49 வயதில் எஃப்.ஏ. கோப்பை அரை இறுதிவரை ஆடினார்.

சம்பள உச்சவரம்பு 1910ல் 5 பவுண்டு வரை உயர வழி வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 20 பவுண்டில் வந்து நின்றது. 1961 ஜனவரியில் வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பிறகு அது முற்றிலும் எடுக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தை நடத்தியது 1907 டிசம்பரில் மெரடித் தலைமையில் தொடங்கிய அதே சங்கம்தான். பெயர் மட்டும் மாறியிருந்தது.